சுண்ணாம்புக்குப் பின்னால் நிற்கும் சம்மனசு
ஓவியர் அருட்சகோதரர் அந்தோனியோ மொஸ்கேனியின் வாழ்வும் பணியும்



கொங்கு நாட்டின் சிற்றூர் ஒன்றில் இருந்தது எங்கள் பங்கு ஆலயம். அதன் பீடத்துக்கு மேலே, வளைவின் இடப்பக்கத்தில், ஒரு காவல் சம்மனசு வரையப்பட்டிருந்தது. பெரிய ஓவியர் யாரும் வரைந்ததல்ல. கோவையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த ஒருவர், திருவிழாவுக்கு முன் ஒரு வாரம் ஊரில் தங்கி வரைந்து கொடுத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சம்மனசின் ஒரு கை மற்றதைவிடச் சற்று நீளம். ஆனாலும் முகத்தில் ஒரு கனிவு இருந்தது. பிள்ளைகள் நாங்கள் பிரசங்க நேரத்தில் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

பின்பு விழா ஆண்டு வந்தது. ஆலயம் புதுப்பிக்கப்பட்டது. கீழே டைல்ஸ், மேலே பளபளக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பெயிண்ட். சம்மனசு மறைந்துபோனது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் அம்மிச்சி மட்டும் திருப்பலி முடிந்த பிறகும் அதே இடத்தில் முழந்தாளிட்டு, அதே சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ன அம்மிச்சி பாக்குறீங்க? அங்கதான் ஒண்ணுமே இல்லியே."

"உனக்குத் தெரியலயா கண்ணு? சம்மனசு அங்கயேதான் இருக்குது. சுண்ணாம்புக்குப் பின்னால நிக்குது."

அன்று சிரித்தேன். பல ஆண்டுகள் கழித்து மங்களூரில் ஓர் ஆலயத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் அந்தச் சொல் திரும்ப நினைவுக்கு வந்தது. ஆலயத்தில் படம் எதற்காக இருக்கிறது என்பதை அம்மிச்சி தமக்குத் தெரிந்த மொழியில் சொல்லியிருந்தார். அதே கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தவர் ஒருவர் நமக்கு அருகிலேயே வாழ்ந்து மறைந்திருக்கிறார். இத்தாலியிலிருந்து வந்து, மங்களூரில் வரைந்து, கொச்சியில் உயிர்விட்ட இயேசு சபை அருட்சகோதரர் அந்தோனியோ மொஸ்கேனிதான் அவர்.

பெர்காமோ மண்ணில் பிறந்தவர்

வட இத்தாலியில் பெர்காமோ என்றொரு நகரம். அதையடுத்த ஸ்தெத்சானோ என்னும் ஊரில் 1854 ஜனவரி 17 அன்று மொஸ்கேனி பிறந்தார். சிறு வயதிலேயே வரையும் திறமை தெரிந்தது. பெர்காமோவின் புகழ்பெற்ற கராரா கலைக்கழகத்தில் சேர்ந்து பயின்றார். பின்பு ரோமை சென்று வத்திக்கானில் உள்ள பெரிய ஓவியங்களைப் பார்த்துப் படித்தார். ஊர் திரும்பி, அப்பகுதி ஆலயங்களில் வரையத் தொடங்கினார். வேலையும் இருந்தது, பெயரும் வளர்ந்துகொண்டிருந்தது.

அந்த நிலையில், 1889-இல், தமது 35-ஆம் வயதில், அவர் இயேசு சபையில் சேர்ந்தார். குருவாக அல்ல, அருட்சகோதரராக. இயேசு சபையில் அருட்சகோதரர்கள் திருப்பலி நிறைவேற்றுவதில்லை. சமையல், தச்சு, தோட்டம், சக்ரீஸ்து என்று கையால் செய்யும் பணிகளின் வழியாக இறைவனுக்குத் தம்மைக் கொடுப்பவர்கள் அவர்கள். பேர் சொல்லி வாழக்கூடிய ஓர் ஓவியர், தம் தூரிகையையும் அந்தப் பணிகளில் ஒன்றாக ஆக்கிக்கொண்டார்.

முகங்களை நேசித்த முன்னோடி

மொஸ்கேனி படித்த கராரா கலைக்கழகம் பள்ளியாக மட்டும் இருக்கவில்லை. அதனுடன் ஓர் ஓவியக் கூடமும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பெர்காமோ நாட்டில் அவருக்கு 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜொவான்னி பத்திஸ்தா மொரோனி என்பவரின் படைப்புகள் பல அங்கே உள்ளன. இந்த மொரோனியைப் பற்றி நாம் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

மொரோனி 1520-களின் தொடக்கத்தில் ஆல்பினோ என்னும் ஊரில் பிறந்தார். பிரெஷா நகரில் மொரெத்தோ என்ற ஓவியரிடம் தொழில் கற்றார். அவருடைய சிறப்பு மனித முகம். அழகுபடுத்தாமல், பெரிதாக்காமல், எதிரே இருப்பவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே வரைவார். முதியவரின் தளர்ந்த இமையும், வியாபாரியின் களைப்பும் அப்படியே படத்தில் இருக்கும்.

அவருடைய ஓவியங்களில் உலகறிந்தது 'தையற்காரர்'. ஏறத்தாழ 1565-க்கும் 1570-க்கும் இடையில் வரையப்பட்ட அது, இப்போது லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. மேசையருகே ஒருவர் நிற்கிறார். கையில் கத்தரிக்கோல். மேசைமேல் கறுப்புத் துணி. அதில் வெட்டுவதற்காகச் சாக்கட்டியால் போட்ட கோடுகள் தெரிகின்றன. வேலையை ஒரு கணம் நிறுத்திவிட்டு நம்மை நிமிர்ந்து பார்க்கிறார். பிரபுக்களும் ஆயர்களும் மட்டுமே உருவப்படத்துக்கு உரியவர்கள் என்று கருதப்பட்ட காலத்தில், உழைக்கும் ஒருவரை அவருடைய கருவியோடு, அதே மரியாதையோடு வரைந்தது அபூர்வம். திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மேசையருகே நிற்கும் நம் சகோதரர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால், அந்தக் கையையும் அந்தப் பார்வையையும் உடனே புரிந்துகொள்வார்.

மொரோனி இன்னொரு வகை ஓவியமும் வரைந்தார். அது நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அதில், தம் காலத்தில் வாழ்ந்த சாதாரண மனிதர் ஒருவர் கைகூப்பி நிற்பார்; அவர் முன்னே அன்னை மரியாவும் குழந்தை இயேசுவும் இருப்பார்கள். கணவனும் மனைவியும் செபிக்க, அன்னை மரியாவும் புனித மிக்கேல் அதிதூதரும் தோன்றும் ஓவியம் ஒன்று இன்று அமெரிக்காவின் வெர்ஜீனியா கலைக்கூடத்தில் உள்ளது. கோவைப் பேராலயத்தின் பாதுகாவலர் புனித மிக்கேல் என்பதால் அது நமக்குச் சற்று உறவு போலவும் தோன்றும். இத்தகைய ஓவியங்களில் செபிக்கிறவரின் முகம் மருவோ சுருக்கமோ மறைக்கப்படாத உண்மை முகம். அன்னை மரியா நிற்பதோ அவருடைய செபத்தில். அவர் மனக்கண்ணால் காண்பதை ஓவியர் நமக்கும் காட்டுகிறார்.

அது திருச்சபையில் இதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த காலம். புனித இஞ்ஞாசியார் தமது ஆன்மீகப் பயிற்சிகளில், நற்செய்திக் காட்சியின் இடத்தை மனத்தில் கண்டு, அங்கே நாமும் நின்று செபிக்கும் முறையைக் கற்பித்தார். 1563 டிசம்பரில் திரெந்து பொதுச்சங்கம், புனிதர்களின் படங்களைப் பற்றித் தெளிவாக்கியது. படத்துக்குள் தெய்வீக ஆற்றல் இருப்பதாக எண்ணி நாம் அதை வணங்குவதில்லை. படத்துக்குச் செலுத்தும் மரியாதை, அது காட்டுகிறவரையே சென்று சேர்கிறது என்பதே அதன் போதனை.

மொரோனி தம் வாழ்வின் கடைசி நாட்களில் கொர்லாகோ என்னும் ஊர்ப் பங்கு ஆலயத்துக்காக இறுதித் தீர்ப்பு ஓவியத்தை வரைந்துகொண்டிருந்தார். அது முடியுமுன்னே இறந்தார்.

ஞானப்பிரகாசியாரின் கதை, மங்களூரின் கூரையில்

1878-இல் மங்களூர் மறைப்பணித் தளம் இத்தாலிய இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் 1880-இல் புனித அலோசியஸ் கல்லூரியைத் தொடங்கினர். லைட்ஹவுஸ் குன்றின்மேல் கல்லூரிக்கென ஓர் ஆலயமும் எழுந்தது. அதன் வெறும் சுவர்களை வண்ணத்தால் நிரப்ப ஓர் ஓவியர் தேவைப்பட்டார். 1898-இல், 44 வயதில், மொஸ்கேனி மங்களூர் வந்து சேர்ந்தார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் அந்த ஆலயத்தின் சுவரும் கூரையும் ஓவியமாயின.

கூரையின் நடுவே புனித அலோசியஸ் கொன்சாகாவின் வாழ்க்கை விரிகிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்கு இவர் வேறு யாருமல்லர், நம் ஞானப்பிரகாசியார்தான். நம் குடும்பங்களில் எத்தனை ஞானப்பிரகாசங்கள்! ஆனால் அந்தப் பெயருக்குரியவரின் கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் 1568-இல் காஸ்திலியோனே என்னும் ஊரின் பிரபு குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். 1580-இல் கர்தினால் சார்லஸ் பொரோமியோவின் கையால் புதுநன்மை வாங்கினார். ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் அரண்மனையில் சில காலம் இருந்தார். 1585-இல் தம் பட்டத்தையும் சொத்துரிமையையும் தம்பிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். 1591-இல் ரோமையில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து பணிவிடை செய்தார். அந்த நோயே அவரையும் பற்ற, ஜூன் 21 அன்று 23 வயதில் இறந்தார்.

இதே காஸ்திலியோனே ஊரில்தான், ஞானப்பிரகாசியார் இறந்து 89 ஆண்டுகளுக்குப் பின், 1680-இல், கொன்ஸ்தான்சோ பெஸ்கி பிறந்தார். தமிழகம் வந்து தேம்பாவணி பாடிய நம் வீரமாமுனிவர்! ஆக, மங்களூர்க் கூரையில் நாம் காண்பது வீரமாமுனிவர் சிறுவயதில் கேட்டு வளர்ந்த ஊரின் புனிதரது கதை.

மொஸ்கேனி இக்கதையைச் சொன்ன முறையைக் கவனியுங்கள். அரண்மனையில் நிற்கும் சிறுவன் உண்டு; ரோமையின் சந்துகளில் மக்களுக்குப் போதிக்கும் இளைஞனும் உண்டு; கொள்ளைநோயாளிக்குப் பணிவிடை செய்யும் துறவியும் உண்டு. பட்டாடையிலிருந்து நோயாளியின் படுக்கை வரைக்கும் ஒரு வாழ்க்கை இறங்கி வருகிறது. அதைச் சுற்றிலும் சரிந்த கூரைப் பகுதிகளில் திருத்தூதர்களும் புனிதர்களும் பூமாலைகளுக்கும் வானதூதர்களுக்கும் நடுவே இருக்கிறார்கள். பின்சுவரில் குழந்தைகளோடு இயேசு. அது மாணவர்களின் ஆலயம் அல்லவா? வெளியே போகும் ஒவ்வொரு மாணவனும் அந்த இயேசுவைப் பார்த்துவிட்டே போகவேண்டும்.

சுண்ணாம்பு எப்படி ஓவியத்தைக் காக்கிறது?

மொஸ்கேனி இரண்டு முறைகளைக் கையாண்டார். ஒன்று, துணியில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்து கூரையில் பொருத்துவது. மற்றொன்று, ஃப்ரெஸ்கோ என்னும் ஈரச் சுண்ணாம்பு ஓவியம். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களிலும் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் வரையும் இம்முறை உண்டு.

சுவரில் சுண்ணாம்புக் காரை பூசி, அது காயுமுன்னே நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டவேண்டும். ஒரு நாளில் எவ்வளவு வரையமுடியுமோ அவ்வளவுக்கே அன்று காரை பூசுவார்கள். காய்ந்தபின் திருத்தமுடியாது, தவறினால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசவேண்டியதுதான். காரை உலரும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. வண்ணமும் அந்தக் கல்லுக்குள் அடைபட்டுவிடுகிறது. அதனால்தான் அது நூற்றாண்டுகள் நிற்கிறது. சாரத்தின்மேல் நின்று, கழுத்தை அண்ணாந்து, காரை காயும் வேகத்தோடு போட்டி போட்டுச் செய்யும் வேலை இது. கடற்கரைப் புழுக்கத்தில் அதை நாள்தோறும் செய்தார் மொஸ்கேனி.

இவ்வளவு வலிமையான ஓவியத்துக்கும் ஒரு பகை உண்டு. அது ஈரம். கூரை ஒழுகினாலோ, சுவரில் நீர் ஏறினாலோ, அந்த நீர் சுவருக்குள் இருக்கும் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவரும். உப்பு உறையும்போது வண்ணத்தை உரித்துத் தள்ளும். மங்களூர் மழையில் இந்த ஆலயமும் அப்படிப் பழுதுபட்டது. 1990-களில் இன்டாக் என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் வல்லுநர்கள் பொறுமையாக அதைச் சீர்செய்தார்கள். இன்று நாம் அங்கே மொஸ்கேனியைக் காண்பதற்கு அந்தப் பராமரிப்பும் ஒரு காரணம்.

கொச்சியில் நான்கு நாள்

மங்களூருக்குப் பின் வேறு இடங்களுக்கும் மொஸ்கேனி அழைக்கப்பட்டார். கடைசி அழைப்பு கொச்சிக் கோட்டையின் திருச்சிலுவைப் பேராலயத்திலிருந்து வந்தது. அதற்கும் ஒரு துயரக் கதை உண்டு. போர்த்துக்கீசியர் கட்டிய பழைய பேராலயத்தை ஆங்கிலேயர் 1795-இல் இடித்துவிட்டனர். நூறாண்டுகள் கழித்தே மக்களுக்குப் புதிய பேராலயம் கிடைக்கவிருந்தது. அதன் பீடத்தையும் உட்பகுதியையும் அலங்கரிக்கும் பொறுப்பு மொஸ்கேனியிடம் வந்தது. மங்களூரைச் சேர்ந்த த காமா என்ற அவருடைய சீடரும் உடன் உழைத்தார். இயேசுவின் பாடுகளைக் காட்டும் பெரிய ஓவியங்கள் அங்கே உருவாயின. அவற்றில் இறுதி இராவுணவு, லியோனார்தோ தா வின்சியின் ஓவியத்தைத் தழுவியது.

பேராலயம் 1905 நவம்பர் 19 அன்று நேர்ந்தளிக்கப்பட்டது. மொஸ்கேனி அதைப் பார்க்கவில்லை. சீதபேதியால் நலிவுற்று, நவம்பர் 15 அன்று, 51 வயதில் அவர் கொச்சியிலேயே இறந்தார். நான்கே நாள் இடைவெளி. மக்கள் முதன்முதலாகக் கூடி அண்ணாந்து பார்த்தபோது, வரைந்தவர் அவர்களிடையே இல்லை. மொரோனி கொர்லாகோவில் விடைபெற்றது போலவே, அதே பெர்காமோ மண்ணின் இந்த மகனும் ஓர் ஆலயத்துக்கான வேலையின் ஓரத்தில் விடைபெற்றார். அந்தப் பேராலயம் 1984-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது.

விடுதலைப்பயண நூலின் 31-ஆம் அதிகாரத்தில் பெட்சலேல் என்னும் கைவினைஞரைப் பற்றி வாசிக்கிறோம். திருக்கூடாரத்தின் வேலைக்காக ஆண்டவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்துத் தம் ஆவியால் நிரப்பினார். அரசருக்கும் இறைவாக்கினருக்கும் மட்டுமா இறை ஆவி அருளப்படுகிறது? உளி பிடிக்கும் கைக்கும், தூரிகை பிடிக்கும் கைக்கும் அருளப்படுகிறது.

நம் ஆலயச் சுவர்கள்

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். கொங்கு நாட்டில் பழைய ஆலயங்கள் பல புதுப்பிக்கப்படுகின்றன. நல்லதே. மக்கள் பெருகும்போது இடம் தேவை. ஒழுகும் கூரையை மாற்றத்தான் வேண்டும். ஆனால் புதுப்பிப்பு என்ற பெயரில் எவை மறைகின்றன என்று ஒரு கணம் நின்று பார்க்கிறோமா?

இதைப் பற்றித் திருச்சபைச் சட்டமே பேசுகிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1189-ஆம் பிரிவு, ஆலயத்தில் மக்களின் வணக்கத்துக்காக வைக்கப்பட்டிருக்கும் மதிப்புமிக்க படங்களையும் சுரூபங்களையும் உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றிச் சீரமைக்கக் கூடாது என்கிறது. அனுமதி தருமுன் அவரும் வல்லுநர்களைக் கலந்துகொள்ளவேண்டும். மதிப்புமிக்கவை எவை? அச்சட்டம் மூன்று அளவுகோல்களைத் தருகிறது: பழமை, கலை, மக்களின் வணக்கம்.

மூன்றாவதைக் கவனியுங்கள். எங்கள் சம்மனசுக்குப் பழமை இல்லை, பெரிய கலையும் இல்லை. ஒரு கை நீளம்தான். ஆனால் அதைப் பார்த்தே ஓர் ஊர் இரண்டு தலைமுறை செபித்தது. அந்தச் சுவரை வெள்ளையடிக்குமுன் ஒருவர் அம்மிச்சியிடம் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை.

ஆகவே, உங்கள் பங்கில் சீரமைப்புப் பேச்சு எழுந்தால், அன்பியக் கூட்டத்திலும் பங்குப் பேரவையிலும் இவற்றைச் சொல்லுங்கள். முதலில், பழைய ஓவியம், சுரூபம், கல்வெட்டு ஒவ்வொன்றையும் படமெடுத்து வைப்போம். அவற்றைப் பற்றி முதியவர்களுக்குத் தெரிந்ததை எழுதிக்கொள்வோம். ஓவியத்தைத் தொடுமுன் ஒழுகலை நிறுத்துவோம். நீர் நின்றாலே பாதிச் சேதம் நின்றுவிடும். பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிக் கேடு செய்யும் என்பதை அறிந்துகொள்வோம். மங்கிய முகத்தைப் 'பளிச்' ஆக்கும்படி அவசரமாக மறுவண்ணம் தீட்டவேண்டாம். அனுமதி கேட்போம், அறிந்தவரைக் கேட்போம்.

கோவையிலிருந்து மங்களூருக்கும் எர்ணாகுளத்துக்கும் நேரடி ரயில்கள் உண்டு. பங்குச் சுற்றுலாவுக்கு இடம் தேடும்போது இவ்விரு ஆலயங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். போனால், கைப்பேசியில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஓர் ஓவியத்தின் முன் பத்து நிமிடம் அமருங்கள். பிள்ளைகளுக்கு ஞானப்பிரகாசியாரின் கதையைச் சொல்லுங்கள். பின்பு கண்ணை மூடி, கண்டதை உள்ளே காணுங்கள். அந்த ஓவியங்கள் வரையப்பட்டது அதற்காகத்தான்.

அம்மிச்சிக்குச் சுவர் வெறுமையான பிறகும் சம்மனசு தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்து அவர் அதை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தார். ஆனால் இன்று அந்த ஆலயத்துக்கு வரும் குழந்தைக்கு உள்ளே வாங்கிக்கொள்ள அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை. நமக்கு முன்னிருந்தவர்கள் நமக்குக் காட்டிச் சென்றதை, நமக்குப் பின் வருபவர்களுக்கு நாம் காட்டவேண்டாமா?

சிந்திப்போம்:
உங்கள் பங்கு ஆலயத்தில் சிறுவயது முதல் உங்கள் செபத்துக்குத் துணை நின்ற படமோ சுரூபமோ எது? அதை யார் செய்தார், எப்போது வந்தது என்று தெரியுமா? தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கும்போதே, இந்த ஞாயிறு அவரிடம் கேளுங்கள்.